நேற்று வரை சக ஊழியர், இன்று பிரிவுத் தலைவர்

கேள்வி: அரசு அலுவலகம் ஒன்றில் 14 ஆண்டுகளாக ஒரே பிரிவில் வேலை பார்க்கிறேன். மூன்று மாதம் முன்பு பதவி உயர்வு வந்து, அதே பிரிவுக்குத் தலைமைப் பொறுப்பும் கிடைத்தது. என் கீழ் எட்டுப் பேர். பொதுமக்களிடமிருந்து தினமும் 20 விண்ணப்பங்கள் வருகின்றன. ஏறக்குறைய அதே அளவுதான் முடிகிறது. 600 நிலுவையில் கிடக்கின்றன. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்தவர் ஒருவர் பிரிவில் இருக்கிறார். தனக்கு வரவேண்டிய பதவி எனக்கு வந்துவிட்டதாக நினைக்கிறார், முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இன்னொருவர் எப்போதும் தாமதம். ஓர் இளம்பெண் மட்டும் பிரிவையே சுமக்கிறாள். மேலதிகாரி தினமும் எண்ணிக்கை கேட்கிறார். என்னால் யாரையும் வேலைக்கு எடுக்கவும் முடியாது, அனுப்பவும் முடியாது, சம்பளத்தில் ஒரு காசு கூட்டித் தரவும் முடியாது. இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து மற்றவர்களின் கோப்புகளையும் நானே முடிக்கிறேன். தலைமைக்கு வேண்டிய ஆளுமை எனக்குப் போதாதோ என்று தோன்றுகிறது. என்ன செய்யட்டும்? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் 600 கோப்புகளைவிட என்னை அதிகம் உறுத்தியது அந்த எட்டு மணிதான். முதலில் அதை நிறுத்துங்கள். நீங்கள் இரவில் முடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு கோப்பும், பிரிவில் எங்கே அடைப்பு இருக்கிறது என்பதை மூடி மறைக்கிறது. எண்ணிக்கை எப்படியோ வந்துவிடுவதால் மேலதிகாரிக்கு உங்கள் சிரமம் தெரிவதில்லை. தாமதமாக வருபவருக்குத் தன் வேலை தானாக முடிந்துவிடுகிறது. மூத்தவருக்கோ, 'நம்மேல் இவளுக்கு நம்பிக்கை இல்லை' என்ற எண்ணம் இன்னும் கெட்டிப்படுகிறது. நீங்கள் உடம்பைக் கெடுத்துக்கொண்டு செய்வது நல்ல எண்ணத்தில்தான், எனக்குப் புரிகிறது. ஆனால் பிரிவுத் தலைவரின் வேலை செய்ய ஆள் இல்லாமல் போய்விடுகிறது. நீங்கள் இன்னும் பழைய இருக்கையின் வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

ஆளுமை போதாதோ என்று கேட்டிருக்கிறீர்கள். அரசுப் பணியில் 31 ஆண்டுகள் இருந்தேன், அதில் பாதிக்கு மேல் பிரிவுகளைக் கவனித்தேன். அதட்டிப் பேசுகிறவர்கள், பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காமல் பேசுகிறவர்கள் என்று எல்லா வகைத் தலைவர்களையும் பார்த்திருக்கிறேன். பிரிவு ஓடியதற்கும் அவர்கள் குரலுக்கும் சம்பந்தமே இருந்ததில்லை. வேலை எந்த வழியாகப் போகிறது, எங்கே நிற்கிறது என்று தெரிந்து வைத்திருந்தவர்களிடம் பிரிவு ஓடியது. அதனால் உங்களிடம் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதுதான்: ஆட்களைத் திருத்தப் புறப்படும் முன்னால் வேலை போகும் வழியைத் திருத்துங்கள்.

எடுக்கவும் முடியாது, அனுப்பவும் முடியாது என்பது உண்மைதான். ஆனால் உங்கள் கையில் இருப்பதை நீங்கள் குறைத்து எண்ணுகிறீர்கள். எந்த வேலை யாருக்கு, எது முதலில், எது எல்லோர் கண்ணிலும் படவேண்டும், எந்தத் தவறு மேலே போகவேண்டும், யார் செய்த நல்ல வேலை யார் பெயரோடு மேலே போகவேண்டும் என்பதை எல்லாம் நீங்கள்தான் தீர்மானிக்கிறீர்கள். இது சின்ன அதிகாரம் இல்லை.

சரி, எங்கே தொடங்குவது? ஒரே ஒரு கோப்பில். கூட்டம் போடாதீர்கள், சுற்றறிக்கை விடாதீர்கள். சமீபத்தில் முடிந்த விண்ணப்பம் ஒன்றை எடுத்து, அது வந்த நாளிலிருந்து ஆணை போன நாள் வரை எந்த மேஜையில் எத்தனை நாள் இருந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். நான் முதன்முதலாக இதைச் செய்தபோது கையில் எடுத்த கோப்பு 41 நாளில் முடிந்திருந்தது. அந்த 41 நாளில் ஒரு மனிதர் அதைத் திறந்து வைத்து உண்மையிலேயே வேலை செய்த நேரத்தைக் கூட்டினால் ஒரு மணி நேரம்கூட வரவில்லை. மற்ற நேரமெல்லாம் அது எதற்காவது காத்திருந்தது. தபால் பதிவில் இரண்டு நாள். ஒரு சான்று இணைக்கவில்லை என்று திருப்பி அனுப்பி, விண்ணப்பதாரர் கொண்டுவந்து கொடுக்கும் வரை 17 நாள். பிறகு என் மேஜையிலேயே ஆறு நாள், மற்ற கையெழுத்துக் கோப்புகளோடு சேர்ந்து. அன்று வரை ஊழியர்களைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தத் தாளைப் பார்த்தபோது ரொம்பக் கூச்சமாக இருந்தது.

அந்த 17 நாளைத் துருவிப் பார்த்தோம். விண்ணப்பப் படிவத்தில், இணைக்க வேண்டிய சான்றுகளின் பட்டியல் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. வாங்குகிற இடத்தில் இருந்தவரோ வாங்கி முத்திரை மட்டும் குத்தினார், சரிபார்ப்பது அவர் வேலை என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. வாங்கும்போதே, அந்த மனிதர் எதிரில் நிற்கும்போதே பார்த்துச் சொல்ல வேண்டும் என்று மாற்றினோம். புது ஆள் வரவில்லை, புது உத்தரவும் வரவில்லை. திரும்பிப் போகும் கோப்புகள் கண்ணுக்குத் தெரியக் குறைந்தன.

உங்கள் பிரிவில் அடைப்பு வேறு இடத்தில் இருக்கலாம். ஐந்து கோப்புகளைத் தொடர்ந்து பார்த்தாலே அது தெரிந்துவிடும். பார்க்கும்போது 'யார் தாமதித்தது' என்று கேட்காதீர்கள், 'இது எதற்காகக் காத்திருந்தது' என்று கேளுங்கள். முதல் கேள்வி கேட்டால் எல்லோரும் பதிவேட்டைத் தேடிக்கொண்டு ஓடுவார்கள். இரண்டாவது கேள்விக்குத்தான் உண்மையான பதில் வரும்.

இப்போது 600க்கு வருகிறேன். ஜான் லிட்டில் என்பவர் 1961ல் நிரூபித்துக் காட்டிய எளிய கணக்கு ஒன்று உண்டு. வரிசை எதுவானாலும் பொருந்தும். உள்ளே இருக்கும் மொத்தத்தை, ஒரு நாளில் வந்துபோகும் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு கிடைக்கும். உங்களுக்கு 600ஐ 20ஆல் வகுத்தால் 30 வேலை நாள். அதாவது உங்கள் ஆட்கள் இன்றைக்கு எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும், 20 வந்து 20 போகிற வரையில், சராசரியாக ஒருவர் 30 வேலை நாள் காத்திருக்கத்தான் வேண்டும். 10 நாளில் முடிய வேண்டுமானால் நிலுவை 200க்கு இறங்க வேண்டும். தினமும் 25 முடித்தால், 80 வேலை நாளில் அங்கே வந்துவிடலாம். எட்டுப் பேர் சேர்ந்து நாளைக்கு ஐந்து கோப்பு கூடுதலாக முடிப்பது எட்டமுடியாத காரியம் இல்லை, அதுவும் திரும்பி வருகிற கோப்புகளைக் குறைத்துவிட்டால். மேலதிகாரியிடம் இந்தக் கணக்கை ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். 'முயற்சி செய்கிறோம் சார்' என்று சொல்வதைவிட '80 நாள் வேண்டும், வாரா வாரம் இவ்வளவு இறங்கும்' என்று சொல்கிறவரை மேலதிகாரிகள் நம்புவார்கள். தினசரி நச்சரிப்பும் தானாகக் குறையும்.

ஒரு எச்சரிக்கை. தலைக்கு இத்தனை என்று தனித்தனி இலக்கு வைத்துவிடாதீர்கள். வைத்தால் எல்லோரும் சுலபமான கோப்புகளை முடித்து எண்ணிக்கை காட்டுவார்கள், சிக்கலானவை அடியிலேயே கிடக்கும். பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் வந்தவரை நான்கு மணி நேரத்துக்குள் கவனித்து முடிக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். காத்திருப்பு குறையவே செய்தது. ஆனால் சில இடங்களில், உள்ளே கூட்டிப்போனால் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும் என்று நோயாளிகளை ஆம்புலன்ஸிலேயே காக்க வைத்தார்கள். அப்படிச் செய்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களிடம் கேட்கப்பட்ட எண் அது, அவர்கள் அதைக் கொடுத்தார்கள். அதனால் முடித்த எண்ணிக்கையோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள்: பிரிவில் இருப்பதிலேயே பழைய கோப்புக்கு இன்றைக்கு வயது எத்தனை நாள்? இந்த ஒரு எண்ணைச் சுவரில் ஒரு பலகையில் எழுதி வையுங்கள், யார் பெயரும் போடாமல். அதற்குப் பிறகு அடியில் கிடப்பது தானாக மேலே வரும்.

அந்த இளம்பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதில் நானே செய்த தவறு ஒன்று இருக்கிறது, இன்றைக்கும் மனதை விட்டுப் போகவில்லை. என் பிரிவில் அப்படி ஒரு பையன் இருந்தான். எதைக் கொடுத்தாலும் செய்வான், சுத்தமாகச் செய்வான். அவசரம் என்றால் என் கை தானாக அவன் பக்கம் நீளும். இரண்டு ஆண்டு அப்படியே போயிற்று. ஒரு நாள் இடமாறுதல் விண்ணப்பத்தை நீட்டினான். விடைபெறும் நாளில், கோபமே இல்லாமல் சொன்னான்: "சார், நல்லா வேலை செஞ்சதுக்கு எனக்குக் கிடைச்சது இன்னும் கொஞ்சம் வேலைதான்." எனக்குப் பதில் வரவில்லை. அவன் போன பிறகுதான், பிரிவில் மூன்று வேலைகள் அவனைத் தவிர வேறு யாருக்குமே தெரியாது என்பது தெரிந்தது. பழைய நிலைக்கு வர நாலு மாதம் ஆனது.

ஆகவே இந்த வாரமே உட்கார்ந்து, அவள் செய்கிற வேலைகளை எல்லாம் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அவள் விடுப்பில் போனால் யார் செய்வார் என்று எழுதுங்கள். பெயர் வராத இடங்களில் இன்னொருவரை அவளோடு உட்காரவைத்துக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். கற்றுக்கொடுக்கிற நாட்களில் அவளுடைய மற்ற வேலையைக் குறைத்துவிடுங்கள், இல்லையென்றால் இதுவும் அவள் தலையில் ஏறிய இன்னொரு சுமையாகிவிடும். அப்புறம் அவளிடம் கேளுங்கள்: "உனக்கு எந்த வேலை கத்துக்கணும்னு ஆசை?" காசு கொடுக்க முடியாத இடத்தில் நாம் கொடுக்கக்கூடியது அதுதான். புது வேலை கற்க ஒரு வாய்ப்பு, பயிற்சிக்கு ஒரு பரிந்துரை, மேலே போகும் குறிப்பில் அவள் பெயர்.

இனி மூத்தவர். உங்கள் கடிதத்தில் பாதி வலி அவரைப் பற்றியதுதான் என்று எனக்குப் படுகிறது. நேற்று வரை 'அண்ணே' என்று கூப்பிட்டு, சந்தேகம் கேட்டு, அவர் திருத்திக் கொடுத்த குறிப்புகளைப் படித்து வளர்ந்தீர்கள். இன்று அவர் எழுதிய குறிப்பில் நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள். உங்களுக்கே அது சங்கடமாக இருக்கிறது, அவருக்கு எப்படி இருக்கும்? அந்தச் சங்கடத்தில் இரண்டு பேரும் பேசாமல் இருக்கிறீர்கள். நீங்கள் அவர் மேஜைக்கு வேலை அனுப்புவதையே குறைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அவர் அதைத் தன்னை ஒதுக்கிவிட்டதாக எடுத்துக்கொள்வார்.

லண்டனில் அரசு ஊழியர்களை வைத்தே நடந்த நீண்ட ஆய்வு ஒன்று உண்டு. 1967ல் தொடங்கியது. ஏறத்தாழ 18,000 ஆண் ஊழியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். மேல் பதவியில் இருந்தவர்களைவிடக் கடைசிப் படியில் இருந்தவர்கள் இதய நோயால் இறப்பது மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. புகை, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசம் முழுதாக மறையவில்லை. 1985ல் ஆண்களும் பெண்களுமாகப் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்து இரண்டாவது ஆய்வைத் தொடங்கினார்கள். தன் வேலையை எப்படிச் செய்வது என்பதில் தனக்கு ஒரு பிடி இல்லை என்ற நிலைக்கும் இதய நோய்க்கும் தொடர்பு இருப்பதை அது காட்டியது. இதை முதலில் படித்தபோது என் பிரிவில் இருந்த ஒவ்வொரு முகமாக மனதில் வந்து போயிற்று. ஒருவரை 'சொன்னதைச் செய்' என்ற இடத்தில் ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பது வெறும் மரியாதைக் குறைவு மட்டும் இல்லை, அது அவர் உடம்பையும் தொடக்கூடியது.

அதனால் அந்த மூத்தவருக்கு ஒரு வேலையை முழுதாகக் கொடுங்கள். அதை எப்படிச் செய்வது என்று அவரே தீர்மானிக்கட்டும். எனக்குத் தோன்றுவது, அந்தப் பழைய, சிக்கலான கோப்புகள். 14 ஆண்டு அனுபவம் உங்களுக்கு இருக்கலாம், ஆனால் எந்தக் கோப்பு எந்த விதியில் எப்படி முடியும் என்று அவருக்குத் தெரிகிற அளவு பிரிவில் யாருக்கும் தெரியாது. 90 நாளைத் தாண்டிய எல்லாவற்றுக்கும் அவர் பொறுப்பு, ஓர் இளையவர் அவருக்குத் துணை. இதைச் சமாதானப்படுத்த எறிகிற வேலையாகக் கொடுத்துவிடாதீர்கள், அவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். உண்மையிலேயே தேவை இருக்கிற இடத்தில்தான் கொடுக்க வேண்டும். நல்ல வேளையாக உங்கள் பிரிவில் அந்தத் தேவை இருக்கிறது.

முதலில் பதவி உயர்வைப் பற்றி நேராகப் பேசிவிடுங்கள், சுற்றி வளைக்க வேண்டாம். "அண்ணே, இந்தப் பதவி உங்களுக்கு வந்திருக்கணும்னு நீங்க நினைக்கிறது எனக்குத் தெரியும். அது என் கையில இல்ல. நான் இந்த வேலையக் கத்துக்கிட்டது உங்ககிட்டதான், அத நான் மறக்கல. இப்ப பிரிவு என் பொறுப்பு, உங்க உதவி இல்லாம என்னால இத நடத்த முடியாது." இவ்வளவு போதும். மன்னிப்புக் கேட்காதீர்கள், நீங்கள் எதையும் பறிக்கவில்லை. முடிவுகளை அவரிடம் விட்டுவிடுவதாகவும் சொல்லாதீர்கள். நீங்கள் சொல்வதை அவர் உடனே ஏற்றுக்கொள்ளாமல் இருக்கலாம், சும்மா தலையை ஆட்டிவிட்டுக் கோப்பைப் பார்க்கலாம். அதற்காக இரண்டாம் முறை அதே பேச்சை எடுக்க வேண்டாம். வேலையைக் கொடுங்கள், பொறுங்கள். அவர் திருத்திய ஒன்றை எல்லோர் முன்னாலும் "இது அண்ணன் கண்டுபிடிச்சது" என்று ஒரு முறை சொல்லுங்கள். உண்மையாக இருக்கும்போது மட்டும்.

தாமதமாக வருபவர் விஷயம் இதைவிடச் சுலபம். தனியாகக் கூப்பிட்டு ஏன் என்று ஒரு முறை உண்மையான அக்கறையோடு கேளுங்கள். வீட்டில் படுத்த படுக்கையாக யாராவது இருக்கலாம், விதிக்குள் ஏதாவது செய்ய முடிந்தால் செய்யுங்கள். காரணம் எதுவும் இல்லையென்றால் எதிர்பார்ப்பைத் தெளிவாகச் சொல்லி, அன்றைக்கே தேதி போட்டு எழுதி வையுங்கள். எழுதும்போது நேரம், நாள், பாதித்த வேலை மட்டும் இருக்கட்டும். 'பொறுப்பற்றவர்', 'அலட்சியமானவர்' மாதிரி வார்த்தை வேண்டாம். இரண்டு மாதம் பார்த்துவிட்டுத் திருந்தவில்லையென்றால் குறிப்பாணை கொடுத்து விளக்கம் கேளுங்கள். தயங்காதீர்கள். நேரத்துக்கு வருகிற ஏழு பேரும் நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

தினமும் காலையில் பத்தே நிமிடம், நின்றபடி எல்லோரும் பேசுங்கள். நேற்று என்ன நின்றது, இன்று யாருக்கு எந்த உதவி வேண்டும், அவ்வளவுதான். அதில் ஒரு விஷயத்தை மட்டும் கவனமாகப் பாருங்கள்: தவறை யாராவது வாய் திறந்து சொல்கிறார்களா? ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைப் பிரிவுகளை ஆராய்ந்தார். நல்ல தலைமை இருந்த பிரிவுகளில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவான தவறுகளோ அங்கேதான் அதிகம். அங்கே இருந்தவர்கள் பயமில்லாமல் சொன்னார்கள், மற்ற இடங்களில் மறைத்தார்கள் என்பது பிறகு புரிந்தது. உங்கள் பிரிவில் யாருமே தவறு செய்வதாகத் தெரியவில்லையென்றால் அதுதான் கவலைப்பட வேண்டிய செய்தி. முதல் வாரத்தில் நீங்களே ஒன்றைச் சொல்லுங்கள். "நேத்து தவறான பிரிவுக்கு நான் ஒரு கோப்பை அனுப்பிட்டேன், திருப்பி வாங்கணும்" என்பது மாதிரி. பிறகு யாராவது சொல்லும்போது உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். அந்த ஒரு நொடி முகம் சுளித்தால் போதும், அடுத்த ஆறு மாதத்துக்கு யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

மேலே இருந்து வரும் வாய்மொழி உத்தரவு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன், உங்கள் ஆட்களைக் காப்பாற்றுவது உங்கள் கடமை என்பதால். விதிக்கு ஒத்துவராததாகத் தோன்றும் எதையாவது தொலைபேசியில் சொன்னால் மறுத்துப் பேச வேண்டாம். கோப்பில், "இன்று தாங்கள் தொலைபேசியில் தெரிவித்தது குறித்து, விதியின் நிலை இது, தங்கள் எழுத்துப்பூர்வமான ஆணை வேண்டப்படுகிறது" என்று எழுதி அனுப்புங்கள். பல உத்தரவுகள் அந்தக் கோப்பு திரும்புவதற்குள் மறைந்துவிடும். கீழே இருப்பவர் தலையில் அதைத் தள்ளிவிட்டு நீங்கள் விலகிக்கொண்டீர்கள் என்ற பேச்சு மட்டும் வந்துவிடக் கூடாது.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. ஆடம் கிராண்ட் என்பவர் பல்கலைக்கழகம் ஒன்றுக்காகத் தொலைபேசியில் நன்கொடை கேட்பவர்களிடம் ஒரு சோதனை செய்து 2007ல் வெளியிட்டார். அந்தப் பணத்தில் உதவித்தொகை பெற்றுப் படித்த மாணவர் ஒருவரைச் சில நிமிடம் சந்திக்க வைத்தார், அவ்வளவுதான். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது அவர்கள் தொலைபேசியில் செலவிட்ட நேரம் இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருந்தது. நம் வேலையில் கோப்பு எண் தெரியும், மனிதர் தெரிவதில்லை. ஆணை வாங்க யாராவது வரும்போது வாசலிலேயே கொடுத்து அனுப்பாமல், அந்தக் கோப்பை எழுதியவர் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள். நான் அப்படிச் செய்த ஒரு நாளில், ஓய்வூதிய ஆணையை வாங்கிய ஒரு வயதான அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல என் பேரு எங்கப்பா இருக்கு?" என்று கேட்டார். எழுத்தர் விரலை வைத்துக் காட்டினார். அந்த அம்மா அதே இடத்தில் தன் விரலையும் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அதற்குப் பிறகு அந்த எழுத்தரிடம் ஓய்வூதியக் கோப்பைப் பற்றி நான் நினைவூட்ட வேண்டியிருக்கவே இல்லை.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்யாதீர்கள். முதல் வாரம் ஐந்து கோப்புகளைத் தொடர்ந்து பாருங்கள், மாலையில் எல்லோரோடும் கிளம்பிவிடுங்கள். எண்ணிக்கை சில நாள் குறையும். அந்த 80 நாள் கணக்கை அதற்கு முன்பே மேலதிகாரியிடம் கொடுத்துவிடுங்கள். பலகை, காலைப் பேச்சு, வேலைப் பகிர்வு எல்லாம் பிறகு ஒவ்வொன்றாக வரட்டும்.

மூத்தவரிடம் பேசுவதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம், திங்கட்கிழமையே பேசுங்கள். அவரை உங்கள் அறைக்கு அழைக்காதீர்கள். மற்றவர்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் நீங்கள் அவர் மேஜைக்குப் போங்கள். சந்தேகம் கேட்க வரும்போது முன்பெல்லாம் எந்த நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தீர்களோ, அதிலேயே உட்காருங்கள்.